இன்ஸ்டா, ஃபேஸ்புக் இருந்தா போதாதா? உங்க பேர்ல ஒரு வெப்சைட்... அதுல என்ன இருக்கணும், என்ன இருக்கவே கூடாது?

2020 ஜூன் 29-ம் தேதி, டிக்டாக் உட்பட 59 ஆப்களுக்கு மத்திய அரசு தடை விதித்தது. டிக்டாக்கில் வீடியோ போட்டு பல லட்சம் ஃபாலோயர்ஸ் சேர்த்தவர்கள், அதை நம்பி விளம்பரம் பிடித்தவர்கள், அதன் மூலமாகவே ஆர்டர் எடுத்தவர்கள் எல்லோருக்கும் கொஞ்ச நாளிலேயே அந்த முகவரி இல்லாமல் போனது. திறமை அப்படியேதான் இருந்தது. ஆனால் அவர்களைத் தேடி வருகிறவர்கள் எங்கே போய்த் தேடுவது?

தடையோ, கம்பெனியின் முடிவோ, ஹேக்கிங்கோ... காரணம் எதுவாக இருந்தாலும், இன்னொருத்தர் இடத்தில் இருக்கும் அக்கவுன்ட் நம்முடையது இல்லை. அதனால்தான் சொந்தப் பெயரில் ஒரு சின்ன வெப்சைட் வைத்துக்கொள்வது இன்றைக்கும் பயனுள்ள வேலையாக இருக்கிறது. அது எப்படி இருந்தால் நல்ல பக்கம்? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமா சொல்லணும்னா...

• நீங்க யார், என்ன செய்றீங்க, எப்படித் தொடர்புகொள்வது. இந்த மூன்றும் முதல் ஸ்கிரீனிலேயே தெரிய வேண்டும்.
• உங்களைப் பற்றிய பாராட்டு வார்த்தைகளை விட, நீங்க செய்த வேலை அதிகமாக இருக்க வேண்டும்.
• சாதாரண போனில், சுமாரான சிக்னலில் திறக்க வேண்டும்.
• டொமைன் பெயர் உங்க பெயரில், உங்க மெயில் ஐடியில் இருக்க வேண்டும்.
• வீட்டு முகவரி, பிறந்த தேதி, சான்றிதழ் படங்கள் இருக்கவே கூடாது.

சோஷியல் மீடியா இருக்கும்போது இது எதுக்கு?

சோஷியல் மீடியாவை விட்டுவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அது சந்தை மாதிரி, கூட்டம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் சந்தையில் கடை போடுகிறவருக்கும் சொந்தமாக ஒரு வாசல் வேண்டும் இல்லையா? வெப்சைட் என்பது அந்த வாசல்.

பெரிய கம்பெனி நடத்துகிறது என்பதால் ஒரு சேவை என்றைக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் பின்னோக்கிப் பாருங்க.

• 1990-களில் ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் முதல் வெப்சைட்டை உருவாக்கிய இடம் ஜியோசிட்டீஸ். 1999-ல் அதை யாஹூ வாங்கியது. 2009 அக்டோபரில் மூடியது.
• இந்தியாவில் ஒரு தலைமுறையே ஸ்கிராப் எழுதிக் குவித்த ஆர்குட், 2014 செப்டம்பர் 30-ல் நிறுத்தப்பட்டது.
• கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது.
• கூகுள் பிசினஸ் புரொஃபைலில் சின்னக் கடைக்காரர்களுக்கு இலவசமாகக் கிடைத்த வெப்சைட் வசதி 2024 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. விசிட்டிங் கார்டில் அந்த முகவரியை அச்சடித்தவர்கள் மறுபடியும் அச்சடிக்க வேண்டியதாயிற்று.

இந்தப் பட்டியலில் இருக்கும் யாரும் சின்ன ஆள் இல்லை. அதனால்தான் 'எந்த ஆப் நல்லது' என்ற கேள்விக்கு முன்னால், 'என் முகவரி யார் கையில் இருக்கு' என்ற கேள்வியைக் கேட்கணும்.

நல்ல பக்கம்னா என்ன? முதல் ஸ்கிரீன் டெஸ்ட்

பக்கத்தைத் திறந்ததும், விரலால் தள்ளாமல் கண்ணில் படும் பகுதிதான் முதல் ஸ்கிரீன். நம்மில் பலர் அங்கே என்ன வைக்கிறோம்? 'அன்புடன் வரவேற்கிறோம்' என்று ஒரு பேனர், பூ பறக்கும் அனிமேஷன், ஒரு பொன்மொழி. வந்தவருக்கு இதனால் எந்தத் தகவலும் கிடைப்பதில்லை.

வருகிறவர் மனதில் மூன்று கேள்விகள்தான் இருக்கும். இவர் யார்? எனக்கு என்ன செய்து தருவார்? எப்படிப் பிடிப்பது?

ஒரு உதாரணம். ஆரி ஒர்க் செய்கிற ஒருவர் தன் பக்கத்தில் இப்படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம்:

"கலைநயமும் கற்பனையும் கைகோக்கும் இடம். உங்கள் கனவுகளுக்கு வண்ணம் சேர்க்கிறோம்."

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் இது பிளவுஸா, பெயின்டிங்கா, ஸ்டூடியோவா? தெரியவில்லை. இதையே இப்படி மாற்றலாம்:

"திருநெல்வேலியில் ஆரி ஒர்க் பிளவுஸ் செய்து தருகிறேன். கல்யாண ஆர்டர் என்றால் குறைந்தது 3 வாரம் முன்னால் சொல்லவும். மாடல்களும் விலையும் கீழே இருக்கின்றன. வாட்ஸ்அப்: காலை 10 முதல் மாலை 6 வரை."

நான்கே வரி. ஊர், தொழில், கால அவகாசம், விலை, தொடர்பு நேரம் எல்லாம் வந்துவிட்டது. '3 வாரம் முன்னால்' என்ற ஒரு வரி, கடைசி நேரத்தில் வந்து வருத்தப்படுகிறவர்களையும் முன்கூட்டியே தடுத்துவிடும்.

வேலை தேடுகிறவர் என்றால்? "கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்" என்று எல்லா ரெஸ்யூமிலும் இருக்கிறது. "பி.காம் முடித்திருக்கிறேன். டேலி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஃபைலிங் தெரியும். மதுரை, திண்டுக்கல் பக்கம் வேலை தேடுகிறேன்" என்று எழுதினால், வேலைக்கு ஆள் எடுக்கிறவர் ஒரே பார்வையில் முடிவு செய்யலாம்.

நம்ம பேர்ல இருக்கிற ஒரு சிக்கல்

நம் ஊரில் பெரும்பாலும் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலும் பெயரும்தான். 'எஸ். கார்த்திக்' என்று தேடினால் ஊரெல்லாம் கார்த்திக். போதாததற்கு, ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசியில் 'கே' மட்டும் போடுகிறவர் ஒருவர், 'சிகே' போடுகிறவர் இன்னொருவர், 'ஹெச்' சேர்ப்பவர் வேறொருவர். லட்சுமியா, லக்ஷ்மியா என்று தமிழிலேயே இரண்டு வழக்கம் உண்டு.

அதனால் பக்கத்தின் தலைப்பில் பெயர் மட்டும் போதாது. பெயர், தொழில், ஊர் என மூன்றும் சேர்ந்து வர வேண்டும். பிரவுசர் டேபில் தெரியும் அந்தத் தலைப்பைத்தான் கூகுள் தேடல் முடிவிலும் பெரும்பாலும் காட்டுகிறது. பலர் இதை மாற்றாமல் 'ஹோம்' என்றே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் அந்தப் பக்கம் யாருடையது என்று தேடுகிறவருக்கு எப்படித் தெரியும்?

பெயரைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை எழுதிவிடுங்க. சான்றிதழில் ஒரு மாதிரியும் ஊரில் கூப்பிடுவது வேறு மாதிரியும் இருந்தால் இரண்டையும் சொல்லலாம்.

சொல்றதை விட காட்டுறது முக்கியம்

'10 வருட அனுபவம்' என்ற வார்த்தையை யாரும் சரிபார்ப்பதில்லை, நம்புவதும் இல்லை. செய்த வேலையைப் பார்த்தால் நம்புவார்கள்.

• போட்டோகிராபர் என்றால் 200 படம் வேண்டாம். நல்ல 12 படம் போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே எங்கே, எந்த நிகழ்ச்சிக்கு எடுத்தது என்று ஒரு வரி.
• டியூஷன் எடுப்பவர் என்றால், கடினமான ஒரு கணக்கை நீங்க எப்படி விளக்குவீங்க என்று ஒரு பக்கம் எழுதிப் போடுங்க. மார்க் லிஸ்ட்டை விட அது நன்றாகப் பேசும்.
• கம்ப்யூட்டர் படித்தவர் என்றால் நீங்க செய்த புராஜெக்ட், அதில் எது சொதப்பியது, எப்படிச் சரிசெய்தீங்க என்ற விவரம்.
• எழுதுகிறவர் என்றால், முதல் முறை வருகிறவர் எதில் தொடங்கலாம் என்று நீங்களே 5 கட்டுரைகளைக் கைகாட்டுங்க.

குழுவாகச் செய்த வேலை என்றால் அதில் உங்க பங்கு எது என்று தெளிவாகச் சொல்வதுதான் நேர்மை. இன்டர்வியூவில் அடுத்த கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

நல்ல உதாரணம் யாராவது இருக்காங்களா?

இருக்கிறார்கள். ஆச்சரியம் என்னவென்றால், அந்தப் பக்கங்கள் பார்க்க ரொம்ப சாதாரணமாக இருக்கும்.

வேர்ல்டு வைட் வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீக்கு ஒரு சொந்தப் பக்கம் உண்டு. பெரும்பாலும் எழுத்தும் லிங்க்கும்தான். பள்ளி மாணவர்கள் கேட்கிற கேள்விகளுக்கு எளிமையாகப் பதில் எழுதி தனிப் பக்கமே வைத்திருக்கிறார். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், பதிலை ஒரு முறை நன்றாக எழுதி வைத்துவிடுவது எவ்வளவு வசதி!

கணினி அறிஞர் டொனால்ட் கனூத், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர். 1990 ஜனவரி 1 முதல் தனக்கு இமெயில் முகவரியே இல்லை என்றும், ஏன் இல்லை என்றும் தன் பக்கத்தில் விளக்கமாக எழுதியிருக்கிறார். தொடர்புகொள்ள நினைப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. இமெயில் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதல்ல இதில் நமக்கான பாடம். 'என்னை எப்படி அணுகலாம், எப்படி அணுக முடியாது' என்பதை மரியாதையாக, தெளிவாகச் சொல்வதுதான்.

தமிழில் எழுத்தாளர்கள் ஜெயமோகன், எஸ்.ராமகிருஷ்ணன் இருவருக்கும் சொந்தப் பெயரிலேயே தளங்கள் இருக்கின்றன. பத்திரிகைகள் வரும், போகும். ஆனால் அவர்களின் கட்டுரைகளைத் தேடுகிற வாசகருக்கு போக ஒரே ஒரு முகவரி போதும். பல வருடப் பழைய பதிவும் அங்கே கிடைக்கிறது.

தமிழ்ல எழுதலாமா? கூகுள்ல வருமா?

தாராளமாக எழுதலாம், வரும். ஒரே நிபந்தனை, யூனிகோடில் எழுதியிருக்க வேண்டும்.

டிடிபி சென்டர்களில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடிக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் உண்மையில் பதிவாவது ஆங்கில எழுத்துக்கள்தான். அந்த எழுத்துரு இல்லாத போனில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். கூகுளுக்கும் அது தமிழ் என்று தெரியாது. அப்படி அடித்த பழைய ஃபைல் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றித் தரும் இலவச கன்வெர்ட்டர்கள் ஆன்லைனில் இருக்கின்றன. போன் கீபோர்டில் நீங்க அடிக்கும் தமிழ் ஏற்கெனவே யூனிகோடுதான், கவலை வேண்டாம்.

இன்னொரு பழக்கம், எல்லாத் தகவலையும் அழகான போஸ்டராக டிசைன் செய்து படமாகப் போடுவது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடலில் பிடிப்பது கஷ்டம். முகவரியை, விலையை எளிதாகக் காப்பி செய்யவும் முடியாது. பார்வை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர், எழுத்தாக இருப்பதைத்தான் ஒழுங்காக வாசிக்கும். போஸ்டர் இருக்கட்டும், அதில் இருக்கும் தகவலைக் கீழே எழுத்தாகவும் போட்டுவிடுங்க.

போன்ல எப்படித் தெரியுது?

லேப்டாப்பில் உட்கார்ந்து டிசைன் செய்வோம். ஆனால் பார்க்கிறவர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் பார்ப்பார். இன்றைய போன் கேமராவில் எடுக்கும் ஒரு படம் சாதாரணமாக 4, 5 எம்பி வரும். அப்படியே 10 படம் ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் அவர் இறங்கும் ஸ்டாப் வந்துவிடும். அதே படத்தை 200 கேபி அளவுக்குச் சுருக்கினால் போன் ஸ்கிரீனில் பெரிய வித்தியாசம் தெரியாது.

பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். தானாகப் பாடும் பாட்டு, தானாக ஓடும் வீடியோ, உள்ளே நுழைந்ததும் குதிக்கும் பாப்-அப்... இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

எழுத்து நிறத்தையும் கவனியுங்க. வெள்ளையில் வெளிர் சாம்பல் ஸ்டைலாகத் தெரியலாம், வெயிலில் நின்று படிக்கிறவருக்குத் தெரியாது. கருப்பு எழுத்து, வெள்ளைப் பின்னணி என்றைக்கும் பழசாகாது.

முகவரிக்கு முன்னால் பூட்டு மாதிரி பாதுகாப்பு தரும் 'ஹெச்டிடிபிஎஸ்' அவசியம். அது இல்லாத தளங்களை 2018 முதலே குரோம் பிரவுசர் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுகிறது. இதற்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது. பல ஹோஸ்டிங் சேவைகளில் இது தானாகவே சேர்ந்து வரும்.

என்னவெல்லாம் இருக்கவே கூடாது?

இந்தப் பகுதியை மட்டும் ரெண்டு தடவை படிங்க.

• வீட்டின் முழு முகவரி வேண்டாம். வீட்டிலிருந்து தொழில் செய்தாலும் ஏரியா பெயர் போதும். ஆர்டர் உறுதியான பிறகு கதவு எண்ணைச் சொல்லலாம்.
• பிறந்த தேதி, அப்பா அம்மா முழுப் பெயர், ஆதார், பான், மார்க் ஷீட், டிகிரி சான்றிதழ் ஸ்கேன் எதுவும் வேண்டாம். போலிக் கணக்கு திறக்க நினைப்பவருக்கு இவை தேவையான பொருட்கள். வேலை கொடுப்பவர் கேட்டால் தனியாக அனுப்பலாம்.
• ரெஸ்யூமை பிடிஎஃப் ஆகப் போடும்போதும் இதே விதிதான். பக்கத்தில் முகவரியை எடுத்துவிட்டு, பிடிஎஃப் உள்ளே விட்டுவிடுவது நிறைய பேர் செய்யும் தவறு.
• பெர்சனல் நம்பருக்குப் பதில் தனி நம்பர், தனி மெயில் ஐடி. வங்கிக்கும் யுபிஐ-க்கும் இணைத்திருக்கும் நம்பரை ஊருக்கே காட்ட வேண்டாம்.
• போன் படங்களில், எடுத்த இடத்தின் விவரமும் ஒளிந்திருக்கலாம். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை ஆஃப் செய்துவிட்டு எடுங்க.
• வாடிக்கையாளர், மாணவர் படங்களை அனுமதி இல்லாமல் போடக் கூடாது. குழந்தைகள் என்றால் பெற்றோர் சம்மதம் கட்டாயம்.

ஒரு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். பக்கத்திலிருந்து அழித்தாலும், அதற்குள் யாராவது சேமித்து வைத்திருக்கலாம். அதனால் யோசிப்பதை ஏற்றுவதற்கு முன்னால் யோசிப்பதுதான் நல்லது.

எவ்ளோ செலவாகும்? யார் பேர்ல இருக்கணும்?

இதில் இரண்டு விஷயம் இருக்கிறது. டொமைன் என்பது பெயர்ப்பலகை. ஹோஸ்டிங் என்பது இடம்.

டாட் இன் பெயருக்கு வருடத்துக்குச் சில நூறு ரூபாய், டாட் காம் என்றால் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகும். முதல் வருட ஆஃபர் விலையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டாம் வருடப் புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பார்த்துவிட்டு வாங்குங்க. ஹோஸ்டிங்குக்கு கூகுள் சைட்ஸ், பிளாக்கர், கிட்ஹப் பேஜஸ் போன்றவை இலவசம். இவற்றில் உங்க சொந்த டொமைனை இணைக்கவும் முடியும். நாளைக்கு அந்தச் சேவை நின்றாலும், அதே பெயரை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். விசிட்டிங் கார்டு மாறாது. பெயர்ப்பலகையை மட்டும் காசு கொடுத்து வாங்குங்க என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வேறு ஒருவரிடம் கொடுத்து வெப்சைட் செய்கிறீங்களா? அப்படியானால் டொமைன் உங்க பெயரில், உங்க மெயில் ஐடியில்தான் பதிவாக வேண்டும். செய்து தருகிறவர் தன் கணக்கிலேயே வாங்கிவிட்டால், நாளை அவர் போனை எடுக்காவிட்டால் உங்க முகவரி அவர் கையில். பணம் கொடுக்கும் முன்பே இதைக் கேட்டு, பாஸ்வேர்டையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

டொமைன் காலாவதியாகும் முன் நினைவூட்டல் மெயில் வரும். அது நீங்க தினமும் பார்க்கும் மெயிலுக்கு வர வேண்டும். கல்லூரி மெயில், பழைய ஆபீஸ் மெயில் கொடுத்தால் அது மூடப்பட்ட நாளில் நினைவூட்டலும் போய்விடும். காலாவதியான பெயரை மீட்க ஒரு குறிப்பிட்ட காலம்தான், அதுவும் கூடுதல் கட்டணத்தோடு. அதைத் தாண்டினால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். உங்க பெயரில் வேறு யாரோ சூதாட்ட விளம்பரம் போட்டால் எப்படி இருக்கும்?

போட்டுட்டா முடிஞ்சதா?

இல்லை. ஆனால் தினமும் வேலை இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரை மணி நேரம் போதும்.

• விலை, நேரம், நம்பர் சரியா என்று பாருங்க. 'கடைசியாகப் புதுப்பித்தது' என்று மாதமும் வருடமும் போடுங்க. தேதி இல்லாத விலைப்பட்டியலை யாரும் நம்ப மாட்டார்கள்.
• எல்லா லிங்க்கையும் ஒரு தடவை தட்டிப் பாருங்க.
• ஏற்கெனவே இருக்கும் பக்கத்தின் முகவரியை மாற்றாதீங்க. நல்ல முகவரி மாறாது என்று டிம் பெர்னர்ஸ் லீ 1998-லேயே தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். மாற்றினால், அதுவரை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தது எல்லாம் வெறும் லிங்க்.
• எழுத்தையும் படங்களையும் ஒரு பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்க. இன்டர்நெட் ஆர்க்கைவ் அமைப்பின் வேபேக் மெஷினில் உங்க பக்கத்தை நீங்களே இலவசமாகச் சேமிக்கலாம். ஆனால் அது எல்லோரும் பார்க்கிற இடம் என்பதையும் மறக்க வேண்டாம்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடிங் தெரியாது, முடியுமா?
முடியும். கூகுள் சைட்ஸ் போன்றவற்றில் போனில் போஸ்ட் போடத் தெரிந்தவர் ஒரு நாளில் அடிப்படைப் பக்கத்தைச் செய்துவிடலாம்.

ஒரே ஒரு பக்கம் போதுமா?
ஆரம்பத்தில் அதுவே சிறந்தது. 'விரைவில் வரும்' என்று எழுதிய ஐந்து காலிப் பக்கங்களை விட, முழுமையான ஒரு பக்கம் மதிப்பாக இருக்கும்.

ஏஐ-யை எழுதித் தரச் சொல்லலாமா?
பிழை திருத்த, ஆங்கில வடிவம் எடுக்க உதவும். ஆனால் உங்க வேலையைப் பற்றி அதற்குத் தெரியாது. ஊர், விலை, செய்த வேலை இதெல்லாம் உங்க கையால் வர வேண்டும். இல்லாவிட்டால் எல்லோர் பக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

இன்ஸ்டாவை நிறுத்திடலாமா?
வேண்டாம். இன்ஸ்டா பயோவில் வெப்சைட் லிங்க்கைப் போடுங்க, வெப்சைட்டில் இன்ஸ்டா லிங்க்கைப் போடுங்க. ஒன்று போனாலும் இன்னொன்று வழி காட்டும்.

கடைசியா ஒரு சோதனை

பக்கம் தயாரானதும், உங்க தொழிலைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம், அவருடைய போனிலேயே திறக்கச் சொல்லுங்க. பக்கத்தில் நின்று விளக்கம் சொல்லாதீங்க. 10 விநாடி கழித்து போனை வாங்கிக்கொண்டு, 'நான் என்ன வேலை செய்றேன், என்னை எப்படிப் பிடிப்பே?' என்று கேளுங்க. இரண்டுக்கும் சரியாகப் பதில் வந்தால் பக்கம் நன்றாக இருக்கிறது. வரவில்லை என்றால், கலரை மாற்ற வேண்டாம். முதல் நான்கு வரியை மாற்றுங்க.